நூற்றறுபது ஆண்டுத் தர்மம்: நியூயார்க்கின் செயின்ட் வின்சென்ட் ஆஸ்பத்திரி

நியூயார்க் நகரின் மன்ஹாட்டன் தீவில், ஏழாவது அவென்யூவும் மேற்கு 11ஆம் தெருவும் கூடுகிற முனையில், 1856 தொடங்கி 2010 வரை ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. வாந்திபேதி கண்டு வந்தவர்களும், தொழிற்சாலைத் தீயில் வெந்தவர்களும், மூழ்கிய கப்பலிலிருந்து மீண்டவர்களும், எய்ட்ஸ் கண்டதனால் பெற்ற தாய் தந்தையராலேயே கைவிடப்பட்ட இளைஞர்களும் அதன் வாசலை நாடி வந்தார்கள். அந்த வாசல் 2010 ஏப்ரல் 30 அன்று அடைக்கப்பட்டது. வைத்தியத்தில் குறைபாடு என்று யாரும் அதன்மீது குற்றம் சாட்டவில்லை. நோயாளிகள் வருவது நின்றுவிடவும் இல்லை. உலகத்தின் செல்வமெல்லாம் வந்து குவிகிற ஒரு நகரத்தின் நடுவே, செல்வந்தர்கள் மிகுந்த ஒரு வட்டாரத்தில், ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக ஜனங்களின் நன்றியைச் சம்பாதித்திருந்த ஓர் ஆஸ்பத்திரி எப்படி அழிந்துபோயிற்று என்ற கேள்வி, அந்த நகரத்து மக்களுக்கு மட்டும் உரியதன்று. தனியார் ஸ்தாபனங்களை நம்பித் தம் உயிரை ஒப்படைக்கிற எந்த ஊர் மக்களும் எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வி அது.

வாந்திபேதிக் காலத்தில்

1849ஆம் ஆண்டு நியூயார்க்கில் காலரா பரவி ஐயாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பஞ்சம் தலைவிரித்தாடிய காலமும் அதுதான். ஊரையும் உறவையும் விட்டுக் கப்பலேறிய ஐரிஷ் ஏழைகள் ஆயிரம் ஆயிரமாக அந்தத் துறைமுகத்தில் வந்து இறங்கி, காற்றும் வெளிச்சமும் புகாத குடியிருப்புகளில் நெருங்கி அடைந்து கிடந்தார்கள். அவர்கள் கத்தோலிக்கர்கள், நகரமோ புராட்டஸ்டண்டுகளின் செல்வாக்கில் இருந்தது. நோய் கண்டு படுத்தால் தம் சமயத்துக்குரிய குருவின் ஆறுதல்கூடக் கிடைக்காது என்ற அச்சமே பலரை ஆஸ்பத்திரிப் பக்கம் தலைகாட்டாமல் செய்தது.

இந்நிலையில், அந்த நகரத்துப் பிஷப்பான ஜான் ஹியூஸ் என்பவரின் ஆதரவோடு, அவருடைய உடன்பிறந்த சகோதரியும் துறவியுமான மேரி ஏஞ்சலா ஹியூஸ் அம்மையாரின் தலைமையில், தர்ம சகோதரிகள் என்னும் சபையைச் சேர்ந்த கன்னிகாஸ்திரீகள், கிழக்கு 13ஆம் தெருவில் ஒரு வாடகை வீட்டைப் பிடித்து, முப்பது கட்டில்களைப் போட்டு, 1849 நவம்பரில் வைத்தியத்தைத் தொடங்கினார்கள். ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் தம் வாழ்நாளை அர்ப்பணித்த பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு மகானாகிய வின்சென்ட் தே பவுலின் பெயரே அதற்கு இடப்பட்டது. நம் நாட்டுக் கத்தோலிக்கப் பங்குகளில் வறியவர் இல்லம் தேடிச் சென்று உதவுகிற வின்சென்ட் தே பவுல் சபையை அறிந்தவர்களுக்கு அந்தப் பெயர் புதிதாக இராது.

ஏழு ஆண்டுகள் கழித்து, இடம் போதாமல், மேற்கே கிரெனிச் வில்லேஜ் வட்டாரத்தில் அனாதைக் குழந்தைகள் விடுதியாக இருந்த ஒரு கட்டடத்துக்கு ஆஸ்பத்திரி மாறியது. அன்று முதல் கடைசி நாள்வரை அதுவே அதன் ஸ்தானம். 1892இல் நர்ஸுகளுக்கான பயிற்சிப் பள்ளி ஒன்றும் ஏற்பட்டது. அதே ஆண்டில் மெயின் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்த ஒரு பெண் குழந்தைக்கு, சில நாட்களுக்கு முன்புதான் தன் சகோதரன் உயிரை இந்த ஆஸ்பத்திரி காப்பாற்றிக் கொடுத்த நன்றியினால், தாய் 'செயின்ட் வின்சென்ட்' என்பதையே பெயரின் நடுவில் சேர்த்து வைத்தாள். எட்னா செயின்ட் வின்சென்ட் மிலே என்ற அந்தக் குழந்தை பிற்காலத்தில் அமெரிக்காவின் புகழ்பெற்ற கவிஞராகி, 1923இல் புலிட்சர் பரிசும் பெற்று, அதே கிரெனிச் வில்லேஜில் குடியிருந்தார்.

தீயும் கடலும்

ஹட்சன் நதித் துறைகளுக்கும், கீழ்த்தட்டு ஜனங்கள் வேலை செய்த பட்டறைகளுக்கும் அருகே அமைந்ததனால், அந்த நகரத்துக்கு நேர்ந்த பெருந்துன்பங்கள் யாவற்றிலும் இந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு பங்கு இருந்தது. 1911 மார்ச் 25 அன்று, சிறிது தூரத்திலிருந்த டிரையாங்கிள் என்ற சட்டைத் தொழிற்சாலையில் தீப்பற்றியபோது, வெளியேறும் கதவு பூட்டிக் கிடந்ததனால் மேல்மாடி ஜன்னல்கள் வழியாகக் குதித்தவர்களும், உள்ளேயே வெந்து கருகியவர்களுமாக 146 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் வந்து குடியேறிய இளம்பெண்கள். காயம்பட்டவர்களில் பலர் செயின்ட் வின்சென்டுக்கே கொண்டுவரப்பட்டார்கள்.

மறு ஆண்டு ஏப்ரல் 18ஆம் தேதி இரவு, டைட்டானிக் கப்பலிலிருந்து உயிர் தப்பியவர்களை ஏற்றிக்கொண்டு கார்பேதியா என்ற கப்பல் ஹட்சன் நதித் துறையில் வந்து நின்றது. முதல் வகுப்புப் பயணிகளை அழைத்துச் செல்லப் பந்துக்கள் வந்திருந்தார்கள். மூன்றாம் வகுப்பில் வந்தவர்களுக்கோ அந்த ஊரில் வீடுமில்லை, கையில் காசுமில்லை, கொண்டுவந்த மூட்டை முடிச்சுகளும் கடலோடு போய்விட்டன. கணவனை இழந்த பெண்களும் தந்தையை இழந்த குழந்தைகளும் அவர்களிடையே பலர். அப்படிப்பட்டவர்களில் நூற்றுக்கு மேற்பட்டோரை செயின்ட் வின்சென்ட் ஏற்றுக்கொண்டது.

நோயாளியைத் தேடிச் சென்ற வைத்தியம்

தர்ம ஸ்தாபனம் என்றால் வைத்திய சாஸ்திரத்தில் பின்தங்கியிருக்கும் என்று எண்ணுகிறவர்களுக்கு இந்த ஆஸ்பத்திரியின் 1968ஆம் ஆண்டுச் சாதனை தக்க மறுமொழி. மாரடைப்பினால் இறப்பவர்களில் பெரும்பாலோர் ஆஸ்பத்திரி வந்து சேருமுன் முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே உயிர் விட்டுவிடுகிறார்கள் என்பதைக் கண்டு, வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் ஃபிராங்க் பேண்ட்ரிட்ஜ் என்ற டாக்டர், இதயத் துடிப்பை மின்சாரத்தால் சீர்ப்படுத்தும் கருவியை மோட்டார் பாட்டரிகளால் இயங்கும்படி செய்து, 1966இல் ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பினார். அந்தக் கருவி ஏறத்தாழ 70 கிலோ எடை கொண்டது. அதைப் பற்றி அறிந்த செயின்ட் வின்சென்ட் டாக்டர் வில்லியம் கிரேஸ், இரண்டே ஆண்டுகளில் தம் ஆஸ்பத்திரியிலும் அந்த ஏற்பாட்டைச் செய்தார். அமெரிக்காவில் அதுவே முதல் முயற்சி.

அதுவரை ஆம்புலன்ஸ் என்பது நோயாளியைத் தூக்கிக்கொண்டு வருகிற வண்டியாக இருந்தது. இனி டாக்டரும் நர்ஸும் கருவியும் ஏறிச் செல்கிற ஒரு சிறு வார்டாக அது மாறிற்று. தெருவோரத்திலோ, அலுவலக மாடியிலோ, வீட்டுக் கூடத்திலோ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவரின் பக்கத்திலேயே மண்டியிட்டு, இதயத் துடிப்பை வரைந்து பார்த்து, அங்கேயே சிகிச்சையைத் தொடங்கினார்கள். இன்று எந்த நகரத்திலும் மாரடைப்புக்கு ஆம்புலன்ஸிலேயே சிகிச்சை ஆரம்பமாவதை நாம் இயல்பான காரியமாகக் கருதுகிறோம். அந்த வழியை முன்நின்று திறந்தவர்களில் இவர்களும் உண்டு.

எய்ட்ஸ் வார்டு

இந்த ஆஸ்பத்திரியின் சரித்திரத்தில் மிகவும் கடினமானதும் மிகவும் மேன்மையானதுமான அத்தியாயம் 1980களில் எழுதப்பட்டது. கிரெனிச் வில்லேஜ், தன்பால் விழைவு கொண்டவர்கள் ஓரளவு அச்சமின்றி வாழ்ந்த வட்டாரம். 1981 முதல் அங்கே இளைஞர்கள், பெயரும் காரணமும் தெரியாத ஒரு நோயினால் உடல் இற்று, கண்பார்வை மங்கி, மூச்சுத் திணறி இறக்கத் தொடங்கினார்கள். நோய் எப்படித் தொற்றுகிறது என்று உறுதிப்படாத அந்நாட்களில், சாப்பாட்டுத் தட்டை அறைவாசலிலேயே வைத்துவிட்டுப் போன ஊழியர்கள் பல ஆஸ்பத்திரிகளில் இருந்தார்கள். எழுந்து வந்து எடுத்துக்கொள்ளத் தெம்பில்லாதவர் பசியோடு கிடந்தார். பிரேதத்தை அடக்கம் செய்ய மறுத்தவர்களும் உண்டு.

சான் ஃபிரான்சிஸ்கோ பொது ஆஸ்பத்திரி 1983இல் இந்நோய்க்கென்று தனி வார்டு திறந்தது. மறு ஆண்டே செயின்ட் வின்சென்ட் அவ்வாறு ஒரு வார்டை ஏற்படுத்தியது. அமெரிக்காவின் கிழக்குக் கரைப் பிரதேசத்தில் அதுவே முதலாவது. தன்பால் உறவைப் பாவமென்று போதிக்கிற ஒரு திருச்சபையின் ஆஸ்பத்திரியில், அந்த உறவில் வாழ்ந்தவர்கள் வந்து படுத்தார்கள். கன்னிகாஸ்திரீகளும் நர்ஸுகளும் அவர்கள் கையைப் பற்றிக்கொண்டு பக்கத்தில் இருந்தார்கள்.

இது எளிதில் வந்த மேன்மையன்று. ஆரம்ப காலத்தில் அவசர சிகிச்சைப் பிரிவில் தம்மை இழிவாக நடத்தினார்கள் என்று எய்ட்ஸ் போராளிகள் அந்த ஆஸ்பத்திரிக்குள்ளேயே புகுந்து ஆர்ப்பாட்டம் செய்தார்கள். நிர்வாகம் அந்தக் குறையைக் கேட்டது, ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தது, நடப்பை மாற்றிக்கொண்டது. சமயக் கொள்கைக்கும் நோயாளியின் தேவைக்கும் இடையே இருந்த முரண்பாடு கடைசிவரை முற்றிலும் தீரவில்லை. ஆனால் கொள்கையில் ஒத்துப்போக முடியாத மனிதனின் புண்ணையும் துடைக்க வேண்டும் என்பதில் படுக்கையருகே நின்றவர்களுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. தர்மம் என்பதற்கு இதைவிடக் கடுமையான பரீட்சை வேறொன்று இருக்க முடியுமா என்று நான் அறியேன்.

2001 செப்டம்பர்

உலக வர்த்தக மையக் கோபுரங்களுக்கு மிக அருகே, பேரதிர்ச்சிக் காயங்களுக்குச் சிகிச்சையளிக்கும் முதல் நிலை மையமாக இருந்ததும் இந்த ஆஸ்பத்திரியே. 2001 செப்டம்பர் 11 காலை, அந்தக் கோபுரங்கள் தாக்கப்பட்டதும், ஏழாவது அவென்யூவின் நடைபாதையில் வெள்ளை விரிப்பு விரித்த ஸ்ட்ரெச்சர்களையும் சக்கர நாற்காலிகளையும் வரிசையாக நிறுத்திவிட்டு, கையுறை அணிந்த டாக்டர்களும் நர்ஸுகளும் தெற்கு நோக்கிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதல் சில மணி நேரத்தில் காயம்பட்டவர்கள் வந்தார்கள். பிறகு வருவோர் குறைந்தார்கள். பிற்பகலில் கட்டில்கள் வெறுமையாக நின்றன. பிழைத்தவர்கள் நடந்து தப்பியிருந்தார்கள். மற்றவர்கள் கோபுரங்களோடு போய்விட்டார்கள்.

அடுத்து வந்த நாட்களில், காணாமற்போனவர்களைத் தேடிய குடும்பத்தார் அந்த ஆஸ்பத்திரியின் வெளிச்சுவரிலும் அக்கம்பக்கத்துச் சுவர்களிலும் புகைப்படங்களை ஒட்டினார்கள். பெயர், வயது, எத்தனையாவது மாடியில் வேலை, கடைசியாக உடுத்தியிருந்த சட்டையின் நிறம் என்று ஒவ்வொரு தாளிலும் எழுதியிருந்தது. சிகிச்சை கொடுக்க வாய்ப்பே கிட்டாத நிலையிலும் ஜனங்கள் தம் துயரத்தைக் கொண்டுவந்து வைக்கிற இடமாக ஓர் ஆஸ்பத்திரி இருக்கக்கூடும் என்பதற்கு அந்தச் சுவர்கள் சாட்சி.

கணக்கு எங்கே பிசகியது

இவ்வளவு பெருமைக்குரிய ஸ்தாபனம் அதற்குப் பின் ஒன்பதே ஆண்டுகளில் மறைந்தது ஏன்? காரணங்கள் பல, ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை.

முதலாவது, வைத்தியத்துக்குக் கூலி கொடுக்கும் முறை மாறியது. முதியோருக்கான அரசாங்க இன்ஷூரன்ஸ் திட்டமாகிய மெடிகேர், 1983 முதல், நோயாளி எத்தனை நாள் படுத்திருந்தாலும் இன்ன நோய்க்கு இன்ன தொகை என்று முன்கூட்டியே நிர்ணயித்துக் கொடுக்கத் தொடங்கியது. அடுத்து, எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு கட்டணம் என்று ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் நியூயார்க் மாநில அரசாங்கமே வகுத்துவந்த ஏற்பாடு 1996ஆம் ஆண்டோடு முடிவுக்கு வந்தது. 1997 முதல் ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் தனித்தனியே இன்ஷூரன்ஸ் கம்பெனிகளோடு பேரம் பேச வேண்டியதாயிற்று. பேரத்தில் வல்லவன் வகுத்ததே வாய்க்கால். பெரிய ஆஸ்பத்திரிகள் இதைக் கண்டுகொண்டு ஒன்றோடொன்று கூடின. 1998இல் நியூயார்க் ஆஸ்பத்திரியும் பிரெஸ்பிட்டேரியன் ஆஸ்பத்திரியும் இணைந்தது அவற்றுள் பெரியது. அவை கேட்ட தொகையைக் கம்பெனிகள் மறுக்க முடியவில்லை. தனியே நின்ற ஆஸ்பத்திரிக்கு அதே சிகிச்சைக்குக் குறைந்த தொகையே கிடைத்தது.

இரண்டாவது, செயின்ட் வின்சென்ட் தேடிக்கொண்ட துணை பலவீனமானது. 2000ஆம் ஆண்டு, புரூக்ளின், குவீன்ஸ், ஸ்டேட்டன் தீவு ஆகிய இடங்களிலிருந்த கத்தோலிக்க ஆஸ்பத்திரிகளெல்லாம் அதனோடு ஒரே நிர்வாகத்தின்கீழ் இணைந்தன. நோக்கம் நல்லது, சேர்ந்து நின்றால் வலிமை பெருகும் என்று கருதினார்கள். ஆனால் சேர்ந்தவற்றில் பல ஏற்கெனவே நஷ்டத்தில் தள்ளாடியவை. நீந்தத் தெரிந்தவன் ஆற்றில் தத்தளிப்பவர்களைத் தோளில் ஏற்றிக்கொண்டு தானும் அமிழ்ந்ததைப் போல் ஆயிற்று. 2005 ஜூலையில் அந்த ஸ்தாபனம் திவால் மனுச் செய்தது. அடுத்த சில ஆண்டுகளில் கிளை ஆஸ்பத்திரிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன, அல்லது விற்கப்பட்டன. 2007இல் திவாலிலிருந்து மீண்டபோது பெருங்கடன் அதன் தலைமேல் இருந்தது.

மூன்றாவது, வட்டாரமே மாறிப்போயிற்று. கப்பல் தொழிலாளரும் கலைஞரும் வாடகைக்கு வாழ்ந்த கிரெனிச் வில்லேஜ், கோடீசுவரர்களின் வாசஸ்தலமாகிவிட்டது. அத்தகையோர் திடீரென்று மயங்கி விழுந்தால் செயின்ட் வின்சென்டுக்கு வருவார்கள். நாள் குறித்துச் செய்துகொள்கிற, ஆஸ்பத்திரிக்கு வருமானம் தருகிற சிகிச்சைக்கோ வடக்கே உள்ள புகழ்பெற்ற ஆஸ்பத்திரிகளுக்குப் போனார்கள். ஏழைகள், இன்ஷூரன்ஸ் அற்றவர்கள், வீடற்றவர்கள், மனநோயாளிகள் இவர்களை மட்டும் வேறு யாரும் பங்குபோட வரவில்லை.

இவற்றோடு, கட்டடங்களைப் புதுப்பிக்கும் யோசனையும் காலத்தைத் தின்றது. தன் பழைய கட்டடங்களிருந்த நிலத்தை ரூடின் என்ற வீடுகட்டும் நிறுவனத்துக்கு விற்று, அந்தப் பணத்தைக் கொண்டு எதிர்ப்புறத்தில் புதிய ஆஸ்பத்திரி எழுப்புவது திட்டம். எதிர்ப்புறத்தில் நின்றதோ, கப்பல் தொழிலாளர் சங்கத்துக்காக ஆல்பர்ட் லெட்னர் 1964இல் கட்டிய, அலை வளைவுகள் கொண்ட விசித்திரமான வெள்ளைக் கட்டடம். பிற்காலத்தில் ஆஸ்பத்திரி அதை வாங்கியிருந்தது. புராதனச் சின்னப் பாதுகாப்புக் கமிஷன் அதை இடிக்க முதலில் அனுமதி மறுத்து, ஆஸ்பத்திரியின் கஷ்டநிலையைக் கருதி 2008 அக்டோபரில் இசைந்தது. அதற்குள் உலகப் பொருளாதாரமே சரிந்துகொண்டிருந்தது. கட்டடத்தின் அழகைக் காக்கவேண்டுமென்று வாதாடியவர்கள் தவறானவர்கள் அல்லர். ஆனால் கட்டடங்களைப் பற்றி ஊர் வாதாடிக்கொண்டிருந்த அதே காலத்தில், அவற்றின் உள்ளே இருந்த ஸ்தாபனத்தின் மூச்சு அடங்கிக்கொண்டிருந்தது.

கடைசி மாதங்கள்

2010 தொடக்கத்தில் கடன் சுமார் 70 கோடி டாலர் என்று தெரியவந்தது. வேறொரு ஆஸ்பத்திரிக் குழுமம் அதை எடுத்துக்கொள்ள முன்வந்தது. ஆனால் உள்நோயாளிகளை வைத்துப் பார்க்கும் வசதியே இராது என்பது அதன் நிபந்தனை. ஜனங்கள் கொதித்தெழுந்தார்கள். மவுண்ட் சினாய் ஆஸ்பத்திரியோடு நடந்த பேச்சும் முறிந்தது. ஏப்ரல் 6ஆம் தேதி தர்மகர்த்தாக்கள் சபை கூடி ஆஸ்பத்திரியை மூடிவிடுவதென்று வாக்களித்தது. மூவாயிரத்துக்கு மேற்பட்ட ஊழியர்கள் வேலை இழந்தார்கள். அந்த மாதக் கடைசி நாளில் அவசர சிகிச்சைப் பிரிவு அடைபட்டபோது, நியூயார்க் நகரத்தின் கடைசிக் கத்தோலிக்கப் பொது ஆஸ்பத்திரி மறைந்தது. மன்ஹாட்டனின் கீழ் மேற்குப் பகுதி முழுவதிலும் பெரிய ஆஸ்பத்திரி இல்லாமல் போயிற்று. உயிர் ஆபத்திலிருப்பவரை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ்கள் நெரிசல் மிகுந்த தெருக்கள் வழியே தீவின் கிழக்குக் கோடிக்கு ஓட வேண்டியதாயிற்று.

நிலத்தை ரூடின் நிறுவனம் 26 கோடி டாலருக்கு வாங்கியது. அங்கே இப்போது சுமார் இருநூறு ஆடம்பர வீடுகள் நிற்கின்றன. லெட்னரின் வெள்ளைக் கட்டடம் இடிபடாமல் தப்பி, 2014 முதல் வேறொரு நிறுவனத்தின் அவசர சிகிச்சை நிலையமாக இயங்குகிறது. ஆயினும் அது பழைய ஆஸ்பத்திரிக்கு ஈடாகாது. பக்கத்து முக்கோணத் திடலில் 2016இல் எய்ட்ஸ் நினைவுச் சின்னம் எழுந்தது. அந்நோயினால் நியூயார்க் இழந்த ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட உயிர்களுக்கு அது அஞ்சலி.

ஆஸ்பத்திரி யாருடையது?

நியூயார்க்கில் தேவைக்கு மேல் கட்டில்கள் இருந்தன, சில ஆஸ்பத்திரிகள் மூடப்படுவது தவிர்க்க முடியாதது என்று வாதித்தவர்கள் உண்டு. மாநில அரசாங்கம் நியமித்த ஒரு கமிஷன் 2006இல் அவ்வாறே அறிக்கை கொடுத்தது. நோயாளி ஒரு வாரம் படுத்திருந்த சிகிச்சை இப்போது ஒரே நாளில் முடிகிறது என்ற அவர்கள் காரணம் மெய்யே. ஆனால் எந்தக் கட்டில்கள் மிகை, எவை இன்றியமையாதவை என்பதைத் தீர்மானிக்க வேண்டியது யார்? திட்டமிட்டு ஆராய்ந்து, எந்த வட்டாரத்துக்கு எது வேண்டும் என்று கணித்து, அதன்படி செயின்ட் வின்சென்ட் மூடப்பட்டிருந்தால் அந்த வாதத்துக்கு மதிப்பு உண்டு. அவ்வாறு நடக்கவில்லை. கையிருப்புப் பணம் தீர்ந்த நாளில் அது மூடப்பட்டது. எந்த ஆஸ்பத்திரி பிழைக்க வேண்டும் என்பதை நோயின் கணக்கு தீர்மானிக்கவில்லை. பேரத்தின் கணக்கு தீர்மானித்தது.

இந்தச் சரித்திரத்திலிருந்து நான் கொள்ளும் பாடம் ஒன்று உண்டு. தனியார் தர்ம ஆஸ்பத்திரி உணர்ச்சியால் ஊருக்குச் சொந்தம். சட்டத்தால் ஒரு சபைக்குச் சொந்தம். நல்ல காலத்தில் இந்த இரண்டுக்கும் வேற்றுமை புலப்படாது. நூற்றறுபது ஆண்டுகள் அந்த வட்டாரத்து ஜனங்கள் அதைத் தம்முடையது என்றே எண்ணினார்கள். 2010 ஏப்ரலில் எத்தனையோ பேர் மூட வேண்டாமென்று குரல் கொடுத்தும், ஒரு கூட்ட அறையில் எடுத்த வாக்கே செல்லுபடியாயிற்று. அந்தச் சபையினரைக் கொடியவர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் கையில் பணம் இல்லை. ஆனால் ஒரு வட்டாரத்தின் உயிர்ப் பாதுகாப்பு, அதைத் தாங்கும் கடமை எவருக்கும் சட்டப்படி இல்லாத நிலையில், சிலருடைய தியாகத்தின் மீதும் சிலருடைய பேர வலிமையின் மீதும் நின்றுகொண்டிருந்தது என்பதே குறை.

குறை அங்கேயே நிற்கவும் இல்லை. செயின்ட் வின்சென்ட் போனபின் அதன் நோயாளிகளில் பலரை ஏற்றுக்கொண்ட, கிழக்கு ஐரோப்பிய யூத ஏழைகளுக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றிய பெத் இஸ்ரேல் ஆஸ்பத்திரியும் 2025 ஏப்ரலில் மூடப்பட்டது. ஒன்றின் சுமையை மற்றொன்று தாங்கும் என்று சொல்லி ஒன்றை மூடுகிறவர்கள், அந்த மற்றொன்று நிலைக்கும் என்பதற்கு யார் ஜாமீன் என்று சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

கன்னிகாஸ்திரீகள் முப்பது கட்டில்களோடு தொடங்கியபோது அரசாங்கத்தின் அனுமதிக்கும் உதவிக்கும் காத்திருக்கவில்லை. கண்முன் சாகிறவர்களைக் கண்டு செயலில் இறங்கினார்கள். அந்தத் தைரியத்துக்கு உலகம் தலைவணங்க வேண்டும். ஆயினும் தர்மம் தொடங்கி வைக்கிற காரியத்தைத் தர்மத்தின் தோளிலேயே என்றென்றும் விட்டுவிடுவது சமுதாயத்துக்கு அழகன்று. ஏழைக்குச் செய்த சிகிச்சைக்கு, ஆன செலவைக் குறையாமல் கொடுக்கிற ஏற்பாடும், ஓர் ஆஸ்பத்திரி மூடப்படுமுன் அந்த வட்டாரத்தாரைக் கேட்டு மாற்று வழி செய்தாக வேண்டும் என்ற விதியும், நிலத்தின் விலை உயர்ந்ததைக் காட்டி வைத்தியத்தை வெளியேற்றக் கூடாதென்ற சட்டமும் முன்பே இருந்திருந்தால், செயின்ட் வின்சென்ட் உருமாறியேனும் உயிரோடு இருந்திருக்கும். அவசரத்தில் ஓடுவதற்கு ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறது என்று நம்பி நிம்மதியாக உறங்குகிற ஒவ்வொரு ஊரும், அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் எந்த ஏட்டில் எழுதியிருக்கிறது என்று, அது நன்றாக நடந்துகொண்டிருக்கும்போதே கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும்.